குளிர்காலத்துல பிளேன் வராது

இல்லண்ணே, அவருக்கு ஒண்ணும் ஆகல. உள்ளதான் இருக்காரு. பிளேனவிட்டு எறங்குனதும் எல்லாருக்கும் மெடிக்கல் எடுக்கறாங்க, ரத்தம் பாக்கறது, பல்லு பாக்கறதுன்னு. இத்தன மாசம் ஐஸுக்குள்ள கெடந்துட்டு வந்திருக்கோமுல்ல. எனக்குச் சீக்கிரம் முடிஞ்சிடுச்சி, வெளிய அனுப்பிட்டாங்க. குரு அண்ணன் இன்னும் வரிசையில நிக்கறாரு. துபாய் மிலிட்டரி ஏர்போர்ட்டு பாருங்க, அவங்களா வுட்டாத்தான் உண்டு. நீங்க கேட்டையே பாத்துக்கிட்டு வெயில்ல நிக்காதீங்க. இந்தக் கஃப்டீரியாவுல உக்காரலாம், இங்கேருந்தே கேட்டு நல்லாத் தெரியுது. சேட்டா, ரெண்டு டீ.

நீங்க பன்னீர்செல்வம் அண்ணன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி. குரு அண்ணன் உங்க போட்டோ வச்சிருந்தாரு, மச்சான் மச்சான்னு நாளுக்கு ஒருதடவையாவது பேச்சு வந்துடும். நான் மணிமாறன். ஆமாண்ணே, அன்னிக்கு போன்ல அந்தப் பக்கம் இருந்தது நான்தான். அந்த ஆராய்ச்சி ஸ்டேஷன்ல தமிழ் ஆளுங்க நாங்க ரெண்டு பேருதான், அவரு சமையல், நான் மெக்கானிக்கு.

சொல்லியாச்சிண்ணே. நீங்க கேட்டுக்கிட்ட மாதிரியேதான், பிளேன் வந்தப்பறம்தான் சொன்னோம். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஸ்டேஷன் லீடரம்மா இங்கிலீஷ்ல சொன்னாங்க, நான் தமிழ்ல சொன்னேன். அவரு கேட்டுக்கிட்டாரு.

அழுவல.

இல்லண்ணே, மறைக்கல. நெசமாவே அழுவல. சரின்னாரு. அவ்வளவுதான். அதான் அவரு வெளிய வர்றதுக்கு முன்னால உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்னு நெனச்சேன். நீங்க பாட்டுக்கு அவரப் பாத்ததும் எதையாவது ஆரம்பிச்சிடக் கூடாதுல்ல. மொதலேருந்து சொல்றேன், அப்பதான் புரியும். டீயக் குடிங்க.

சூடாவா இருக்கு? எனக்குத் தெரியாதுண்ணே. இந்தக் கை வெரலு நுனியெல்லாம் மரத்துப் போச்சி. பாருங்க, கிளாஸ இப்படிப் புடிச்சிருக்கேன், ஒண்ணும் தெரியல. உணர்ச்சி திரும்பி வந்துடும்னு டாக்டரு சொல்றாரு, பாப்போம். அது எப்படி ஆச்சின்னும் சொல்றேன், அதும் இந்தக் கதையிலதான் வருது.

போன பிப்ரவரியில இதே கேட்டு வழியாத்தான் உள்ள போனோம். நீங்கதான் அவர வண்டியில கொண்டாந்து வுட்டீங்களாமே. அந்த பிளேன நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நம்ம ஊருக்குப் போற பிளேனு மாதிரி கிடையாது. மிலிட்டரி சரக்கு பிளேனு, பின்னாடி வாயத் தொறந்து லாரியவே முழுங்கும். அந்த ஸ்டேஷன நடத்தற நாட்டு ஏர்ஃபோர்ஸ்காரங்கதான் ஓட்டிக்கிட்டு வருவாங்க, இங்க எறங்கி சாமான ஏத்திக்கிட்டு, கேப்டவுன்ல எண்ணெய் போட்டுக்கிட்டு, அங்கேருந்து நேரா தெக்கால, தென்துருவத்து ஐஸுக்கு. சன்னல் கெடையாது. சீட்டுன்னா வலைதான், கட்டில்ல நாடா பின்னுவாங்கள்ல, அது மாதிரி. சத்தம் காதக் கிழிக்கும், பேசவே முடியாது, காதுல அடைச்சிக்கிட்டு ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். எங்க முழங்காலுக்கு முன்னால நீங்க வேல பாக்கற அல் கூஸ் கோல்டு ஸ்டோர்லேருந்து வந்த பொட்டிதான் மலையாட்டம் கட்டி வச்சிருந்தாங்க. குரு அண்ணன் ஒரு பொட்டியத் தட்டிக் காட்டி, இது எம் மச்சான் கட்டுனதுன்னு சைகையில சொன்னாரு. பெருமையாத்தான் சொன்னாரு. இந்த வேலைய நீங்கதான் சொல்லி வுட்டீங்கன்னு அவரு கொறையா ஒருநாளும் பேசுனதில்ல, அத நீங்க மனசுல வச்சிக்காதீங்க.

ஐஸு மேலதான் எறங்கும். நான் டிராக்டர வச்சி இழுத்து இழுத்து சமம் பண்ணி வைக்கற ஐஸு. எறங்குனாலும் இஞ்சின நிறுத்த மாட்டாங்க, நிறுத்துனா மறுபடி கெளம்பாது. அது உறுமிக்கிட்டே நிக்கும், நாங்க ஓடி ஓடி எறக்கணும். எறக்கி முடிச்சதும் வெயில் காலத்து ஆளுங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சி. சத்தம் அடங்குனப்பறம் ஒரு அமைதி வந்துச்சி பாருங்க, அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு இருவது பேரு நின்னுக்கிட்டு இருந்தோம். இங்க வெயிலடிக்கறப்பதான் அங்க குளிர்காலம், இனிமே நவம்பர் வரைக்கும் கலாஸ். யாரும் வர முடியாது, போக முடியாது. குளிர்காலத்துல பிளேன் வராது. குளிரு அப்படி, பிளேனுக்குப் போடற எண்ணெயே கஞ்சியாட்டம் ஆயிடும். சூரியனும் போயிடும், மாசக்கணக்குல இருட்டுதான்.

அவரு அதுக்கெல்லாம் அசரல. கிச்சன அவரு ஊடு மாதிரி ஆக்கிட்டாரு. ஜெனரேட்டர் ரூம் என் டூட்டி, அங்கதான் கதகதப்பா இருக்கும், அங்க கொண்டாந்து இட்லி மாவு வச்சிருவாரு. வெள்ளக்காரங்க சனிக்கிழமையானா இட்லிக்குத் தட்ட எடுத்துக்கிட்டு நிப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு போன். சேட்டிலைட் போன்தான், ரேடியோ ரூம்ல ஆளாளுக்குக் கொஞ்ச நேரம். விஜி பாப்பாதான் அப்பான்னு ஓடி வந்து மொதல்ல எடுக்கும்போல. அங்க பென்குயின் இருக்கான்னு கேக்கும். நாங்க இருந்த எடம் கடலுக்கு ரொம்பத் தூரம்ணே, ஈ காக்கா கெடையாது. அவரு இருக்குன்னு சொல்லிட்டாரு. கிச்சன் கதவாண்ட ஒண்ணு வருதுன்னு, அதுக்குத் தெனம் மீனு போடறேன்னு. அப்பறம் வாரா வாரம் அது என்ன பண்ணுச்சின்னு ஒரு கதை வேணும். சனிக்கிழமையே என்னையும் உக்கார வச்சி யோசிப்பாரு. இந்த வாரம் மாவு மூட்டைய ஓட்ட போட்டுடுச்சின்னு சொல்லவாடா மணின்னு கேப்பாரு. போன வாரந்தான் மூட்டையத் தள்ளுச்சி, வேற எதாச்சும் சொல்லுங்கண்ணேன்னு சொல்லுவேன்.

ஜூன்ல நீங்க போன் பண்ணீங்க.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா எங்க பக்கம் என்ன ஆச்சின்னு தெரியாதுல்ல. காலையில சாப்பாடு முடிஞ்சி அவரு கொஞ்சம் படுக்கற நேரம். நீங்க இங்கிலீஷ்ல ஆரம்பிச்சி, ஹிந்திக்குப் போயி, அப்பறம் தமிழ்ல அழுவ ஆரம்பிச்சிட்டீங்க. லீடரம்மாவுக்கு ஒண்ணும் புரியல. என்னைக் கூப்புட ஆள் அனுப்புனாங்க. நான் போறப்ப ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருந்தாங்க, ரூமெல்லாம் உங்க அழுகைதான். டெங்கு காய்ச்சல்னு சொன்னீங்க, ரெண்டு நாளு பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தும் புள்ள தங்கலைன்னு. எடுத்தாச்சின்னு. நான் அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சாவச் சொல்றதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்துச்சி, அதையே ரெண்டு தடவ சொன்னேன்.

அப்பறம் நீங்க கேட்டுக்கிட்டது. அவருகிட்ட சொல்லாதீங்க, எப்படியும் வர முடியாது, அந்த இருட்டுல ஒத்தையில கெடந்து எதாச்சும் பண்ணிக்குவாருன்னு. தங்கச்சி வள்ளியும் அதான் சொல்லுதுன்னு சொன்னீங்க. லீடரம்மா ஒத்துக்கவே இல்லண்ணே. பெத்தவனுக்குத் தெரியாம ஒரு எடமே தெரிஞ்சி வச்சிருக்கறது தப்புன்னாங்க. அவங்க அன்னிக்கே ஏர்ஃபோர்ஸுக்குக் கேட்டுப் பாத்தாங்க, ஒரு பிளேன் அனுப்ப முடியுமான்னு. முடியாதுன்னுட்டாங்க. குளிர்காலத்துல வர்றதுன்னா ஒரு உசுரக் காப்பாத்தறதுக்கு மட்டுந்தான் வருவோம், இதுக்கு வர வழியில்லன்னு. மரியாதையாத்தான் சொன்னாங்களாம், வருத்தமும் சொன்னாங்களாம். அதுக்கப்பறந்தான் அந்தம்மா எங்கிட்ட வந்து, நீங்க சொன்னபடியே இருக்கட்டும்னாங்க. மொகம் செத்துப் போயிருந்துச்சி.

எல்லாருக்கும் தெரியும்ணே. அந்த எடத்துல எதையும் ஒளிக்க முடியாது. அவரு ஒருத்தரத் தவிர எல்லாருக்கும் தெரியும். மறுநாள்லேருந்து ஆளுங்க மாறிட்டாங்க. தட்டக் கழுவறதுக்கு முறை போட்டிருக்கும், ஒருத்தனும் அவனவன் நாளுக்கு ஒழுங்கா வர மாட்டான். அன்னிலேருந்து ரெண்டு ரெண்டு பேரா வந்து நிக்கறானுங்க. ரேடியோக்காரன் ஒருத்தன், மலையாட்டம் இருப்பான், யாருகிட்டயும் பேச மாட்டான், அவன் வந்து உருளக்கெழங்கு உரிச்சான். அந்த வாரம் முழுக்க சாப்பாட்டுல உப்பே இல்ல. சூப்புல இல்ல, கறியில இல்ல. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. உப்பு டப்பாவக்கூட யாரும் கையில எடுக்கல, எடுத்தா அவரு பாத்துடுவாருன்னு. அப்படியே தின்னோம். இவனுங்களுக்கு என்னடா ஆச்சி மணி, எல்லாம் நல்லவனா ஆயிட்டானுங்கன்னு எங்கிட்ட கேட்டாரு. இருட்டு வந்தா அப்படித்தான்ணேன்னு சொன்னேன்.

ஞாயித்துக்கிழமைதான் கஷ்டம். அவரு உள்ள பேசுவாரு, நான் வெளிய வராண்டாவுல நிப்பேன். எதுக்கு நின்னேன்னா, ஒருவேளை அண்ணி தாங்காம சொல்லிட்டாங்கன்னா அவர யாராச்சும் புடிக்கணும்ல. பாப்பா எங்கன்னு கேப்பாரு. அந்தப் பக்கம் என்ன சொல்லுவாங்கன்னு எனக்குக் கேக்காது. ஓ தூங்கிடுச்சான்னு சொல்லுவாரு. இன்னொரு வாரம், டியூசனுக்குப் போயிடுச்சான்னு. இன்னொரு வாரம், அத்த ஊட்டுக்கா, சரி சரின்னு. அப்பறம் பென்குயின் கதையச் சொல்லி, வந்தா சொல்லிடு வள்ளின்னு வச்சிடுவாரு. ஒரு வாரங்கூட வுடாம சொன்னாருண்ணே. எங்கிட்ட யோசன கேக்கறத மட்டும் நிறுத்திட்டாரு. அவரே யோசிச்சிக்குவாரு.

ஆமா, நீங்க இப்ப சொன்னீங்களே, அண்ணி போன வச்சிட்டு அன்னிக்குப் பூரா பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு. நான் நெனச்சிக்குவேன் அப்படித்தான் இருக்கும்னு.

பிளேன் வந்துச்சிண்ணே. குளிர்காலத்துல வராதுன்னு சொன்னேன்ல, ஒருதடவ வந்துச்சி. ஜூலை கடைசியில. அதத்தான் உங்ககிட்ட அப்பவே போன்ல கொஞ்சம் சொன்னேன்.

வயசான ஆராய்ச்சிக்காரரு ஒருத்தரு, ஐஸுல கொழா எறக்கிப் பாக்கறவரு, அவருக்கு வயித்துக்குள்ள என்னமோ வெடிச்சிப் போச்சி. எங்க டாக்டரு தன்னால ஆவாதுன்னு கைய விரிச்சிட்டாரு. ஏர்ஃபோர்ஸு வர்றோம்னு சொல்லிடுச்சி. கேப்டவுன்ல வந்து காத்துக் கெடந்தாங்க, காத்து எப்ப அடங்கும்னு. அதுவரைக்கும் அந்த மனுசன உசுரோட வச்சிருக்கணும். ஊசி மேல ஊசி. கொஞ்சம் தெளிஞ்சப்ப தண்ணியா எதாச்சும் குடுக்கலாம்னாரு டாக்டரு. குரு அண்ணன் அரிசியக் கொழைய வேக வச்சி, துணியில வடிகட்டி, பக்கத்துல உக்காந்து ஸ்பூன்ல ஊட்டுனாரு. அந்த ஆளு கண்ண மூடிக்கிட்டுக் குடிப்பாரு. இவரு வாயத் தொடைச்சி வுடுவாரு. வேற யாரும் ஊட்டுனா அந்த ஆளு குடிக்கல.

எனக்கு ரன்வே. தெனம் டிராக்டர எடுத்துக்கிட்டுப் போயி இழுத்தேன், இருட்டுல. டிராக்டரு பாதியில நின்னுச்சின்னா கைய வச்சித்தான் பாக்கணும், தடி கையொற போட்டுக்கிட்டு நட்டு புடிக்க முடியாது, கழட்டிட்டுப் பாத்தேன். வெரலு போனது அப்பத்தான். பரவால்ல, வேல நின்னுருந்தா பிளேனே வந்திருக்காது.

உங்ககிட்ட போன்ல கேட்டேன்ல, பிளேன் வருது, இவரையும் ஏத்தி வுடலாமான்னு. நீங்க ஏத்தி வுடு, துபாய் வந்ததும் நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க. லீடரம்மாவும் சரின்னுட்டாங்க. எடம் நெறைய இருக்கு, அவ்வளவு பெரிய பிளேனு, ஒரு நோயாளிக்காக வருது. ஒண்ணும் சொல்லாம லீவுன்னு சொல்லி அனுப்பிடலாம்னு பேசிக்கிட்டோம்.

பிளேன் வந்தது மத்தியான நேரந்தான், ஆனா கும்மிருட்டு. ரன்வேக்கு ரெண்டு பக்கமும் ட்ரம்முல எண்ணெய ஊத்திக் கொளுத்தி வச்சோம். எல்லாரும் வந்து நின்னோம், அவரும்தான், ட்ரம்மு அணையாமப் பாத்துக்கிட்டு. மொதல்ல சத்தம் கேட்டுச்சி. அத்தன மாசம் கழிச்சி வெளியேருந்து ஒரு சத்தம். வெளக்கே போடாம எறங்குனான்ணே அந்த பைலட்டு, கண்ணுல இருட்டுல பாக்கற கண்ணாடி எதையோ மாட்டிக்கிட்டு. ஐஸத் தொட்டதும் பொக மாதிரி கெளம்பி பிளேனே மறைஞ்சி போச்சி. போச்சின்னுதான் நெனச்சேன். அப்பறம் அதுக்குள்ளேருந்து மெதுவா வந்து நின்னுச்சி. வாயத் தொறந்து, நோயாளியக் கட்டிலோட உள்ள தூக்குனோம்.

யல்லா யல்லா, சீக்கிரம்னு பிளேன்காரனுங்க கைகாட்டறானுங்க, இந்த துபாய் பாஷைய எங்க கத்துக்கிட்டானுங்களோ. சக்கரம் ஐஸோட ஒட்டிக்கும், நிக்க முடியாது. லீடரம்மா குரு அண்ணனக் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போயி, நீ போ, எடம் இருக்கு, ஊருக்குப் போயிட்டு வான்னாங்க. நான் காதுல கத்தி தமிழ்ல சொன்னேன். அவரு பிளேனப் பாத்தாரு. உள்ள வெளக்கு மஞ்சளா எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சி, வலை சீட்டெல்லாம் காலி. அப்பறம் வேணாம்னு தலைய ஆட்டுனாரு. இது படுத்திருக்கறவருக்காக வந்த பிளேனுடா, நான் போனா இங்க யாரு ஆக்கறதுன்னு கேட்டாரு. போங்கண்ணேன்னு கெஞ்சுனேன். காரணத்தச் சொல்ல முடியல. அந்தம்மா சொல்லிடறேன்னு வாயெடுத்தாங்க, நான் வேணாம்னு தடுத்துட்டேன். அந்தச் சத்தத்துல, அந்தக் குளிருல, நின்னுக்கிட்டு எப்படிச் சொல்றது. கதவு மூடிடுச்சி. பிளேன் போனப்பறம் அவரு ட்ரம்ம ஒவ்வொண்ணா அணைச்சிக்கிட்டே வந்தாரு. எல்லாருக்கும் சுடச்சுட சூப்பு வச்சாரு. அதுல உப்பு சரியா இருந்துச்சி.

பொழச்சிட்டாருண்ணே அந்த ஆளு. நல்லா இருக்காராம்.

அப்பறம் சொல்ல என்ன இருக்கு. சூரியன் வந்துச்சி. மொதல்ல ஒரு கீத்து, அப்பறம் முழுசா. எல்லாரும் வெளிய போயி நின்னு பாத்தாங்க, இவரு வரல, அடுப்புல வேல இருக்குன்னுட்டாரு. நவம்பர்ல பிளேனு பொறப்பட்டாச்சின்னு தகவல் வந்ததும் லீடரம்மா ரெண்டு பேரையும் அவங்க ரூமுக்குக் கூப்புட்டாங்க. உக்கார வச்சாங்க. சொன்னாங்க. நான் தமிழ்ல சொன்னேன், பாப்பா இல்லண்ணே, ஜூன்லயே போயிடுச்சி, உங்க மச்சான்தான் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாருன்னு. அவரு தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. சரின்னாரு. அந்தம்மா ஓன்னு அழுதுட்டாங்க, இவரு எந்திரிச்சிப் போயி அவங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தாரு. அப்பறம் கிச்சனுக்குப் போயி, புதுசா வர்ற ஆளுங்களுக்கு அரிசி கழுவிப் போட்டாரு.

அடி பலமா வுழுந்தா அப்படித்தான் ஆயிடும், பிளேன்ல போறப்ப ஒடைஞ்சிடுவாருன்னு டாக்டரு சொன்னாரு. பக்கத்துலயே உக்காந்து வந்தேன். காதுல அடைச்சிக்கிட்டு, எதுத்தாப்புல காலிப் பொட்டியெல்லாம் கட்டி வச்சிருந்துச்சி. ஒண்ணும் ஆகல.

கேப்டவுன்ல எண்ணெய் போட நிறுத்துனாங்க. எங்கள எறக்கி ஓரமா இருக்கச் சொன்னாங்க. அங்க புல்லு இருந்துச்சிண்ணே. பச்சையப் பாத்து எவ்வளவு நாளாச்சி. அவரு பூட்ஸக் கழட்டிட்டுப் புல்லுல உக்காந்தாரு. பிடுங்கிப் பிடுங்கிக் கையில வச்சிக்கிட்டே, சாதாரணமா, மணி எனக்கு அன்னிக்கே தெரியும்டான்னாரு.

என்னண்ணே தெரியும்னு கேட்டேன்.

அன்னிக்கு நீங்க எல்லாம் நான் படுக்கப் போயிட்டேன்னு நெனச்சீங்க, நான் ஸ்டோருக்குள்ள மாவு எடுத்துக்கிட்டு இருந்தேன், ஸ்டோருக்கும் ரேடியோ ரூமுக்கும் நடுவுல ஒரு பிளைவுட்டுதானேன்னாரு. எம் மச்சான் அழுவறது கேட்டுச்சி, பாப்பா பேரச் சொல்லித்தான் அழுதான்னாரு.

ஆமாண்ணே. உங்க அழுகையத்தான். மொதநாளே.

இருங்கண்ணே. உக்காருங்க. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. அவரு அப்படிச் சொல்லல. முழுசாக் கேளுங்க, அவருதான் என்னை முன்னாடி போயி உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டரேன்னு சொல்லிட்டு வரிசையில கடைசியாப் போயி நின்னுக்கிட்டாரு, எனக்குப் பேச நேரம் கெடைக்கணும்னு.

நானும் கேட்டேன், ஏண்ணே அப்பவே வெளிய வந்து சொல்லலைன்னு. வரத்தான் பாத்தாராம். கதவு வரைக்கும் வந்துட்டாராம். நீங்க சொல்லாதீங்க சொல்லாதீங்கன்னு கெஞ்சுனதும் நின்னுட்டாராம். மணி, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க எல்லாருமா சேந்து என்னைப் புடிச்சி ஒக்கார வச்சிருவீங்க, கத்தி கித்தி எடுக்க வுட மாட்டீங்க, அடுப்பாண்ட வுட மாட்டீங்க, ஆளு மாத்தி ஆளு காவல் இருப்பீங்க. அடுப்பும் இல்லன்னா அந்த இருட்டுல நான் என்னடா பண்றதுன்னாரு.

அப்ப ஞாயித்துக்கிழமை ஏண்ணே பாப்பாவக் கேட்டீங்க, கதையெல்லாம் ஏன் சொன்னீங்கன்னு கேட்டேன். அவரு புல்ல ஒவ்வொண்ணாக் கீழ போட்டாரு. மொத ஞாயித்துக்கிழமை கேக்கக் கூடாதுன்னுதான் போனேன், ஆனா வாரா வாரம் கேக்கறவன் கேக்கலன்னா அவளுக்குத் தெரிஞ்சி போயிடும்ல, அதனால கேட்டேன். அவ தூங்கிடுச்சின்னா. எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வார்த்தையச் சொன்னா தெரியுமாடா. எனக்குத் தெரியும் வள்ளின்னு நான் சொல்லியிருந்தா அந்தப் பக்கம் வுழுந்திருப்பா, தூக்க நான் இல்ல. பிளேனும் கெடையாது. அவ என்னைத் தாங்கறேன்னு நெனச்சிக்கிட்டுத்தான் நின்னுக்கிட்டு இருந்தா. நின்னுட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்னாரு.

அந்த ஜூலை பிளேன்ல ஏன் ஏறலைன்னு மட்டும் நான் கேக்கல. கேட்டிருக்கலாம். இஞ்சின் சத்தம் வந்துடுச்சி, கூப்புட்டாங்க, ஏறிட்டோம்.

இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு. அதச் சொல்லத்தான் அனுப்புனாரு. உங்ககிட்ட சொல்லிடணுமாம், நீங்க அவருகிட்ட எதையும் எடுத்துச் சொல்ல வேணாம், நடிக்கவும் வேணாம், அழுவணும்னா அழுவலாமாம். ஆனா உங்க தங்கச்சிகிட்ட மட்டும் இத எப்பவும் சொல்லிடாதீங்க. அவங்களப் பொறுத்தவரைக்கும் நவம்பர்லதான் அவருக்குத் தெரிஞ்சிச்சி. அப்படித்தான். அண்ணி அவருகிட்ட போன்ல சொன்ன மாதிரி உங்ககிட்டயும் சொன்னாங்கள்ல, பாப்பாவக் காப்பாத்த முடியல, அவரையாச்சும் காப்பாத்துனேன்னு. அவகிட்ட அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு மச்சான், அதையும் வாங்கிடாதன்னு சொல்லச் சொன்னாரு. உசுரு போற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாரு.

எப்படி முடியும்னு கேக்காதீங்கண்ணே. முடியணும். நீங்களும் முன்னாடி அவருகிட்ட செஞ்சதுதானே.

அதோ, கேட்டாண்ட நீலச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறாருல்ல, அவருதான். எளைச்சிட்டாரு, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. வெயிலுக்குக் கண்ணு கூசுது அவருக்கு, நம்மளத் தேடறாரு. போங்க, நான் காசு குடுத்துட்டு வர்றேன்.